மூன்றேகால் நிமிடம்

என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அதைப் பார்த்துவிட்டு யாராவது நாக்கை நீட்டினால்தான் சங்கடம். நான் வாங்கியது ஆராய்ச்சிப் பட்டம். புற்றுநோய் கண்டவர்களின் ரத்தக் குழாய்களில் என்ன நடக்கிறது, அவர்கள் ரத்தம் ஏன் மற்றவர்கள் ரத்தத்தைவிடச் சீக்கிரம் உறைகிறது என்று நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு இருநூற்றுச் சொச்சம் பக்கம் எழுதினேன். அதை முழுதாகப் படித்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவர் டைப் அடித்தவர்; அவருக்கு வேறு வழியில்லை. இன்னொருவர் என் பேராசிரியர். படித்ததாக அவரே சொன்னார். மூன்றாவது ஆள் நான். அதிலும் ஒரு பக்கம் வந்தால் இப்போதும் சட்டென்று திருப்பிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஒருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் அவர் வேலை பார்த்தார். பரம்பரையாகப் பொன்வேலை செய்கிற குடும்பம். அறுபதுகளின் தொடக்கத்தில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று ஆனபோது பட்டறை படுத்துவிட்டது. கிடைத்த வேலைக்குப் போவோம் என்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாய் கழுவ வந்தார். கழுவியவர் கொஞ்ச நாளில் அளக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழலில் வாயால் உறிஞ்சித்தான் அளக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் வாய்க்குள் ரத்தம் வந்துவிடும், கோட்டுக்குக் கீழே நின்றால் கணக்குத் தப்பிவிடும். ஊதுகுழலில் சுடரை ஊதி ஊதி மூச்சைப் பழக்கிய மனிதருக்கு அது விளையாட்டாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்த எழுபதுகளின் தொடக்கத்தில் கூடம் மொத்தமும் அவர் கையில் இருந்தது. டாக்டர்கள் அவரை ஆசாரி என்று கூப்பிட்டார்கள். நான் அண்ணே என்றேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் பேச்சில் ஒரு நாளும் மரியாதையைக் குறைத்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு வார்த்தை ஆகவே ஆகாது. 'சுமார்' என்ற வார்த்தை. முதல் நாளே அதைச் சொல்லித் தொலைத்தேன்.

நோயாளிகளின் ரத்தம் எனக்கு மதுரையில் கிடைத்தது. அதோடு ஒப்பிட, நோய் இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஆராய்ச்சிப் பாஷையில் அவர்களுக்கு 'நார்மல்' என்று பெயர். மதுரையில் சும்மா போகிறவர் யார் எனக்காகக் கையை நீட்டப்போகிறார்? சொந்த ஊர்ப் பக்கமென்றால் மாமன் மச்சான் என்று சொல்லி ஆளைப் பிடித்துவிடலாம் என்று சனிக்கிழமைதோறும் காரைக்குடிக்கு வர ஏற்பாடு செய்துகொண்டேன்.

"அண்ணே, சுமார் முப்பது பேர் ரத்தம் வேணும்" என்றேன்.

"சுமாருன்னா எம்புட்டு தம்பி? இருபத்தெட்டா, முப்பத்திரண்டா?"

"ஏறக்குறைய முப்பது."

"அதுவும் அதே சரக்குதான். ஊசி காய்ச்சணும், குழாய் கழுவி வைக்கணும். ஏறக்குறைய ஒரு குழாய நான் எப்புடித் தம்பி கழுவுறது?"

சரி, முப்பது என்று ஒப்புக்கொண்டேன். அவர் நோட்டில் முப்பது என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டார். நான் விஞ்ஞானி, அவர் எனக்கு உதவியாளர் என்று மனதில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தேன். அது அன்று மத்தியானம் வரைதான் தாங்கியது.

நாங்கள் செய்த சோதனை பார்வைக்கு எளிதானது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, சிறிய கண்ணாடிக் குழாயில் விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கிற வெந்நீரில் நிறுத்திவைக்க வேண்டும். வெந்நீரின் சூடு முப்பத்தேழு டிகிரி; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் கொட்டாமல் நின்றால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கடிகாரத்தை நிறுத்தலாம். நல்ல உடம்புக்காரருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல், பத்து நிமிடத்துக்குள் உறையும். இதற்கு ஒரு ஆள் ஒழுங்காக நின்றால் போதும். நான் முதல் குழாயைச் சாய்த்துப் பார்த்துவிட்டு "ஏழு நிமிஷம்" என்று அறிவித்தேன்.

"ஆறேமுக்கால்லயே நின்னுருச்சு. நீங்க அப்ப ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தீக."

"கால் நிமிஷம்தானேண்ணே."

"ஒங்க கால் நிமிஷமா தம்பி அது? அந்த ஆளுக்குச் சொந்தமானது."

அன்றிலிருந்து கால் நிமிடத்துக்கு ஒரு தடவை சாய்ப்பது என்று அவரே விதியை மாற்றினார். கடிகாரமும் அவர் கைக்குப் போனது. என் ஆராய்ச்சியில் எனக்கு மிஞ்சியது நோட்டும் பேனாவும்தான்.

இந்தக் குணத்தால் அவருக்கு ஊரில் நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. எல்லோரும் அப்பச்சி என்று கூப்பிடுகிற பெரிய வீட்டுச் செட்டியார் ஒருவர் சர்க்கரை பார்க்க வருவார். அப்போதெல்லாம் சிறுநீரோடு ஒரு மருந்தைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் சர்க்கரை கொஞ்சம், மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏற ஏறக் கெடுதல். அந்த மாதம் அவர்கள் வீட்டில் இரண்டு கல்யாணம். கூடவே அவர் வீட்டு ஆச்சியும் துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழாயில் பச்சை வந்தது.

"இது நீலம்தானப்பா" என்றார் அப்பச்சி, கெஞ்சுகிற குரலில்.

இவர் குழாயை எடுத்துக்கொண்டு குனிந்து தரையோடு வைத்துப் பார்த்தார். கூடத்தின் தரை, பச்சைக் கொடியும் நீல ஓரமும் வரைந்த ஆத்தங்குடிக் கல். "இந்தக் கொடியில இருக்க பச்சைக்கு அங்குட்டுப் போகல. ஓரத்து நீலத்துக்கு இங்குட்டு வரல. ஆச்சி, நீங்களே வந்து பாருங்க."

ஆச்சி வந்து பார்த்தார். அதோடு அப்பச்சிக்கு இரண்டு கல்யாணத்திலும் கவுனியரிசி இனிப்பு கிடையாது என்று ஆகிவிட்டது. பெரிய டாக்டர் இவரைக் கூப்பிட்டு, நாளைக்கு நன்கொடை கேட்டு எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவது என்று சத்தம் போட்டார். "நெறத்த நான் போடல சார்" என்று சொல்லிவிட்டு வந்து அடுத்த குழாயைக் காய்ச்சினார்.

வேலை இழுத்துக்கொண்டு போகிற சனிக்கிழமைகளில் அவர் மனைவி தூக்குவாளியில் சோறு கொண்டுவருவார். எனக்கும் சேர்த்துத்தான். வாய் துடுக்கானவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். "வீட்டுல கொழம்புக்கு உப்புப் போட்டாலும் எம்புட்டுப் போட்டேன்னு கேக்குறாக தம்பி. ஒரு கை போட்டேன்னா, எந்தக் கைங்கிறாக. இந்த மனுசனோட இருவது வருசம் ஓட்டிட்டேன். எனக்குல்ல ஒங்க காலேசுல பட்டங் குடுக்கணும்" என்பார். இவர் தலை நிமிராமல் "இருபத்தொண்ணு" என்பார்.

அப்போது எனக்கும் ஒரு அவசரம் இருந்தது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கீழச்சிவல்பட்டிப் பக்கத்துச் சம்பந்தம். என் வருங்கால மாமனார் அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அது எந்த டாக்டர் என்று அவருக்கும் தெரியவில்லை, அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. எழுதி முடித்தால் பட்டம், பட்டம் வந்தால் பத்திரிகை, பத்திரிகை அடித்தால் கல்யாணம் என்று வரிசை. இந்த வரிசையின் முதல் ஆளாக நார்மல்கள் நின்றார்கள்.

ஆடி மாதம் பிறந்தபோது இருபத்தொன்பது பேர் முடிந்திருந்தது. முப்பதாவது ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை என்றால் ரத்தக்காட்டேரி வந்துவிட்டான் என்று சொந்தக்காரர்களே தெருவை மாற்றிக்கொண்டு போனார்கள். ஆடியில் ஊசி குத்திக்கொண்டால் ஆகாது என்று ஒரு சித்தப்பா புதிதாகச் சாத்திரம் கண்டுபிடித்தார். நான் இருபத்தொன்பதே போதும் என்றேன்.

"முப்பதுன்னு எழுதியிருக்கு தம்பி."

"இருபத்தொம்பதுக்கும் முப்பதுக்கும் என்னண்ணே பெரிய வித்தியாசம்?"

"ஒண்ணு வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார். "எனக்கு ஒரு காச்ச தலவலி கெடையாது. என்னையப் போட்டுக்கங்க."

ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இடது கையில் தானே கட்டிக்கொண்டார். வலது கையால் தானே ஊசியைச் செலுத்தினார். ஒரு தடவைதான் குத்தினார், ஊசி நேராகப் போனது. குழாயில் விட்டார், வெந்நீரில் நிறுத்தினார், சூடுமானியைப் பார்த்து முப்பத்தேழு என்று சொன்னார். கால் நிமிடத்துக்கு ஒரு முறை சாய்த்தார். மூன்று நிமிடம் ஆனபோது ரத்தம் கூழாக அசைந்தது. அடுத்த முறை அசையவே இல்லை. கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"மூணேகால்" என்றார். எனக்கு முன்னால் அவர் குரலில்தான் ஆச்சரியம் இருந்தது.

அது என் நோயாளிகளின் எண். நார்மல் பட்டியலில் அப்படி ஒரு எண் உட்கார்ந்தால் சராசரி கோணும், வித்தியாசம் மழுங்கும், பேராசிரியர் 'உன் நார்மல் ஏன் நார்மலாக இல்லை' என்று கேட்பார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த மனிதரைப் பற்றி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பட்டியலைப் பற்றித்தான் யோசித்தேன்.

"ஒங்களுக்கு நீங்களே குத்துனதுல ஊசி ஆடியிருக்கும்ணே. திசுநீர் கலந்தா ரத்தம் சீக்கிரம் ஒறையும்" என்றேன். அது உண்மைதான், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

"ஊசி ஆடல தம்பி."

"அப்ப தண்ணி சூடு கூடியிருக்கும்."

"முப்பத்தேழு. நான் பாத்தேன். நீங்களும் பாத்தீக."

நான் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வரியின் மேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிக்கிறதுன்னா அடிங்க. எதுக்கு அடிச்சீகன்னு பக்கத்துல எழுதணும். எழுதாம அடிக்கப்படாது" என்றார்.

'கைத்தவறு' என்று எழுதினேன்.

படித்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குழாய்களைக் கழுவப் போனார். பொன்வேலைக்காரர் ஒருவரிடம் கை தவறிவிட்டது என்று சொல்வது எப்படிப்பட்ட பேச்சு என்று அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்காகத்தான் அந்த வார்த்தையைத் தேடி எழுதினேனோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. கால் நிமிடத்துக்காக முதல் நாளே என்னை மட்டம்தட்டிய மனிதர்தானே.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது நர்சம்மாவைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார். "இவுக குத்தட்டும். என் கை படாது" என்றார். நர்சம்மா எடுத்தார். மூன்றேகால். குழாயில் அழுக்கு இருந்திருக்கும் என்றேன். அதற்கடுத்த வாரம் என் கண் முன்னாலேயே புதுக் குழாய்ப் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கழுவி, கடிகாரத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். நான் இமைக்காமல் சாய்த்தேன். மூன்று நிமிடத்திலேயே நின்றுவிட்டது.

வேறு ஆளாக இருந்தால் அங்கே யோசித்திருப்பான். என் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அப்போது டைப் அடித்து என் பையிலேயே இருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சு மருத்துவர் கவனித்ததை அதில் இரண்டு பக்கத்துக்கு விவரித்திருந்தேன்: உள்ளே ஒளிந்திருக்கிற புற்று தன்னைக் காட்டிக்கொள்ளும் முன்பே ரத்தம் உறைய ஆரம்பித்துவிடலாம், காலில் ஒரு நரம்பு, பிறகு கையில் ஒரு நரம்பு என்று இடம் மாறி மாறி அடைக்கலாம். நன்றாகவே எழுதியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் 'நன்று' என்று போட்டிருந்தார். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் அவரிடம் சொன்னது இது: "நீங்க இங்கயே வேல பாக்குற ஆளு. தெனமும் மருந்து நெடிலயே இருக்கீக. ஒங்கள நார்மல்ல சேக்கவே கூடாது."

"அப்ப 'கைத்தவறு'ங்கிறத மாத்தி அத எழுதுங்க."

"ரெண்டாந் தடவ அடிச்சா நோட்டு அசிங்கமா இருக்கும்ணே."

அவருக்குப் பதிலாக ஆஸ்பத்திரி வாட்ச்மேனைப் பிடித்து உட்காரவைத்தேன். காலையிலேயே சாராய வாசனையாக இருக்கிற ஆள் அவர். அவர் ரத்தம் மிகவும் யோக்கியமாக ஏழு நிமிடத்தில் உறைந்தது. பட்டியல் நிமிர்ந்துகொண்டது. முப்பதாவது நார்மல் என்று அச்சில் இருப்பவர் அவர்தான்.

புரட்டாசியில் ஒரு நாள் ஆசாரி அண்ணன் குழாய் கழுவும் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு இடது காலைத் தடவினார். "கெண்டக்கால்ல வலிக்குது தம்பி. முழங்காலுக்குக் கீழ நாலு விரக்கட தள்ளி, ஒரு கயறு மாதிரி தட்டுப்படுது" என்றார். நின்றுகொண்டே வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அழுத்தமாகத் துணிக்கட்டுப் போடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, கால் தேவலை, இப்போது முழங்கைக்கு மேலே அதே மாதிரி இருக்கிறது என்றார். இடுப்பு இளைத்து வேட்டியும் இரண்டு விரல் அகலம் கூடச் சுற்ற வேண்டியிருக்கிறது என்றார். பெரிய டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். களிம்பு கொடுத்திருக்கிறாராம். நல்லது, தடவுங்கள் என்றேன். இடம், தூரம், நாள் எல்லாவற்றையும் அவர் அளந்து அளந்து சொன்னார். என் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒப்பித்தால்கூட அத்தனை சுத்தமாக வந்திருக்காது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அன்று அழைப்பிதழுக்கு அட்டை பார்க்கப் போக வேண்டியிருந்தது.

ஐப்பசி கடைசியில் புத்தகத்தைப் பைண்டு செய்து பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன். அதன்பின் காரைக்குடிப் பக்கம் தலைகாட்டவில்லை, வேலை முடிந்துவிட்டதல்லவா. பங்குனியில் வாய்மொழித் தேர்வு என்று கடிதம் வந்தது. தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு கார்டும் வந்தது. நர்சம்மா எழுதியிருந்தார். ஆசாரியாருக்கு வயிற்றுக்குள்ளே கட்டியாம், கணையத்தில் என்கிறார்கள், பரவிவிட்டதாம், மதுரையில் இன்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உங்களை விசாரித்தார் என்று நாலு வரி.

படித்து முடித்தேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். குறுக்கே இழுத்த கோடு கொஞ்சம்கூடக் கோணாமல் நேராக இருந்தது. அந்த ஆஸ்பத்திரி நான் தங்கியிருந்த அறையிலிருந்து நடந்துபோகிற தூரம். போகவில்லை. தேர்வு முடியட்டும் என்று கார்டை மடித்துப் புதுக் கோட்டின் பையில் வைத்துக்கொண்டேன். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

தேர்வில் வடக்கேயிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கேள்வி கேட்டார். நல்ல மனிதர், இரைந்துகூடப் பேசவில்லை. "நோய் வெளியே தெரிந்த பிறகு ரத்தம் மாறியிருப்பதைக் காட்டியிருக்கிறீர்கள். தெரிவதற்கு முன்பே மாறுகிறதா? நல்ல உடம்பு என்று நினைத்துச் சோதித்து, பிறகு நோய் கண்ட ஆள் யாராவது உங்களுக்குக் கிடைத்தாரா?"

கார்டு பையில் இருந்தது. நோட்டு மேஜை மேல் இருந்தது. சொன்னால், அந்த வரியை ஏன் அடித்தாய் என்பார். வேறு எத்தனை வரியை இப்படி அடித்தாய் என்பார். முப்பதையும் திரும்பச் செய் என்பார். வாசலில் என் மாமனார் பழத்தட்டோடு காத்திருந்தார்.

"இல்லை ஐயா. அப்படி ஒருவர் கிடைக்கவில்லை" என்றேன்.

"பரவாயில்லை. அதற்கு அதிர்ஷ்டம் வேண்டும்" என்றார் அவர். எழுந்து கை கொடுத்தார். நான் டாக்டர் ஆனேன்.

மாமனாரை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டுச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோட்டும் டையும் அப்படியே இருந்ததால் வார்டில் இரண்டு பேர் எழுந்து நின்று கும்பிட்டார்கள், ஒரு அம்மாள் தன் மகனின் எக்ஸ்ரே படத்தை என்னிடம் நீட்டினார். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிக்கொண்டே கட்டிலைத் தேடிப்போனேன். அண்ணனை அடையாளம் தெரியவில்லை. முகம் பாதியாகியிருந்தது. கண் மஞ்சளாக இருந்தது. வலது கை மட்டும் வீங்கித் தலையணை மேல் கிடந்தது. அக்கா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. முடிஞ்சதா?" என்றார் அண்ணன்.

"முடிஞ்சதுண்ணே. குடுத்துட்டாங்க."

"இனிமே டாக்டரய்யான்னுல்ல கூப்புடணும்" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். உண்மையான சந்தோஷம் அது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாங்கிப்போன சாத்துக்குடியை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் தேடினேன். சாத்துக்குடி நல்லதுதான், விலை ஏறிவிட்டது என்றெல்லாம் பேசினேன். பிறகு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, ஆடி மாசம் ஒங்க ரத்தம் எடுத்தோமே. அது சரியான கணக்குண்ணே. மூணேகால் நிமிஷம் சரிதான்."

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். "எப்புடிச் சொல்றீக?"

"இந்த நோய்தான் ரத்தத்தச் சீக்கிரம் ஒறைய வைக்கும். அதத்தான் நாலு வருசமா ஆராய்ச்சி பண்ணேன். அப்பவே ஒங்களுக்குள்ள ஆரம்பிச்சிருந்திருக்கு. கால்ல கையில வந்ததும் அதுதான்."

 நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அப்ப ஊசி ஆடல" என்றார்.

"ஆடலண்ணே."

"தண்ணி?"

"சரியா இருந்துச்சுண்ணே. முப்பத்தேழு."

"கொழாயும் அழுக்கில்ல."

"இல்லண்ணே. எல்லாம் சரியா இருந்துச்சு. நாந்தான்..."

அவர் என்னை முடிக்க விடவில்லை. அந்த மஞ்சள் முகம் மலர்ந்துவிட்டது. இடது கையை நீட்டி மனைவியின் முழங்காலைத் தட்டினார். "கேட்டியா? கைத்தவறு இல்லையாம். எட்டு மாசமா ஒனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல. டாக்டரே வந்து சொல்லிட்டாக."

அக்கா விசிறியை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் துடுக்காகப் பேசுகிறவர் வார்த்தை வார்த்தையாகக் கேட்டார்.

"அப்ப இவுகளுக்கு இந்த நோயின்னு ஆடி மாசமே ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

அப்போதே தெரிந்திருந்தாலும் அந்த நோய்க்கு ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பிற்பாடு அறுவை மருத்துவர்கள் எனக்குச் சொன்னார்கள். நானும் பல பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.  அன்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் டையைத் தளர்த்திக்கொண்டு நின்றேன்.

அவர்தான் பதில் சொன்னார், எனக்காகப் பரிந்துகொண்டு, மனைவியைக் கடிந்துகொள்கிற குரலில்.

"அவுகளுக்கு எப்புடிடி தெரியும்? அவுகதான் அடிச்சுட்டாகளே."